தெரிவும் பிரிவும்: நோட்டன் பிரிட்ஜ் தோட்டங்களில் முதுமையின் உறவுகள்

வயது ஏறும்போது மனிதர் பழகும் ஆட்களின் எண்ணிக்கை குறைகிறது. இது இழப்பா, தெரிவா என்பது முதுமையின் உளவியலில் நெடுங்காலம் நடந்த வாதம். முதியவர்கள் சமூகத்திலிருந்து மெல்ல ஒதுங்கிக்கொள்வது இயல்பே என்ற கருத்து 1960களில் செல்வாக்குடன் இருந்தது. அமெரிக்க உளவியலாளர் லோரா கார்ஸ்டென்சன் 1990களில் அதைத் திருப்பிப் போட்டார். முதியவர் ஒதுங்குவதில்லை, பொறுக்கி எடுக்கிறார் என்றார். மிச்சமிருக்கும் காலம் குறைவு என்று உணர்கிறவர், வெறும் அறிமுகங்களை உதிர விட்டுவிட்டு, மனசுக்கு நெருங்கிய சிலரை இறுகப் பிடித்துக்கொள்கிறார். வட்டம் சிறுத்தாலும் நிறைவு குறையாமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்பது அவர் முடிவு.

இந்தக் கோட்பாட்டுக்கு அடியில் சொல்லப்படாத ஓர் எடுகோள் இருக்கிறது. யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று தீர்மானிக்கும் வாய்ப்பு அந்த முதியவரிடம் இருப்பதாக அது வைத்துக்கொள்கிறது. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் முதுமையடைந்திருக்கும் ஒரு தலைமுறைக்கு அந்த வாய்ப்பு எவ்வளவு இருந்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோட்டன் பிரிட்ஜ், நுவரெலியா மாவட்டத்தில் கெஹெல்கமு ஓயாவின் ஓரத்தில் இருக்கும் சிறு நகரம். காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்து இறங்கும் தண்ணீர், 1965இல் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையத்தைக் கடந்து, நோட்டன் அணையில் தேங்கி, பழைய லக்சபான மின்நிலையத்துக்குப் போகிறது. சுற்றிலும் தேயிலை மலைகள், மலைகளுக்கிடையில் லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள்; அவற்றின் ஒவ்வோர் அறையும் ஒரு காம்பரா. ரயில் பிடிக்க வேண்டுமானால் ஹட்டனுக்குப் போக வேண்டும். அந்த ஹட்டன் ரயில் இந்தக் கதையில் முக்கியமானது.

1949ஆம் ஆண்டையொட்டி இங்கே பிறந்தவர்களை எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களுடைய பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. ஆகவே இவர்கள் நாடற்றவர்களாகவே பிறந்தார்கள். 15 வயதில், இவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே பிரித்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 35 வயதில் தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பல் நின்றது. 43 வயதில், 1992இல், அரச தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் போனது. இலங்கையில் தங்கிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது 54 வயது. இன்று உயிரோடிருப்பவர்கள் 75ஐத் தாண்டியவர்கள்.

சமூகவியலாளர் கிளென் எல்டர், அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகளைப் பல்லாண்டு பின்தொடர்ந்து 1974இல் எழுதிய நூல், ஒருவர் வாழ்க்கையின் போக்கை அவர் எந்த வயதில் எந்த வரலாற்று நிகழ்வைச் சந்தித்தார் என்பது மாற்றியமைக்கும் என்று காட்டியது. ஒருவர் வாழ்க்கை இன்னொருவர் வாழ்க்கையோடு பின்னிக் கிடப்பதால் ஓரிடத்து அடி எல்லோர் மேலும் விழும் என்பதும் அவர் வலியுறுத்தியது. மேலே சொன்ன ஆண்டுகளை அந்தக் கண்ணோடு பார்த்தால், இந்தத் தலைமுறையின் கூடப்பிறந்தோர், துணை, பிள்ளைகள், அயலார் என ஒவ்வொரு நெருங்கிய உறவையும் ஏதோவொரு கையெழுத்து தொட்டிருப்பது தெரியும்.

இளமையில் வந்த முதுமை

1964 அக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேராகக் கணக்கிடப்பட்ட மக்களைப் பிரித்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்கும். மிஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று முடிவானது. 1974இல் அவர்களையும் இரு நாடுகளும் 75,000 வீதம் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. இந்தியாவுக்கு ஏழு பேர் போனால் இங்கே நான்கு பேருக்குப் பிரஜாவுரிமை என்ற விகிதமும் வகுக்கப்பட்டிருந்தது.

இந்தப் பிரிப்பு இளம் மனங்களை என்ன செய்திருக்கும் என்று அறியக் கார்ஸ்டென்சனின் ஆய்வுகளே உதவுகின்றன. பார்பரா பிரெட்ரிக்சனுடன் 1990இல் வெளியிட்ட ஆய்வில், அரைமணி நேரம் ஓய்வு கிடைத்தால் யாரோடு கழிப்பீர்கள் என்று அவர் பலரிடம் கேட்டார். முதியவர்கள் நெருங்கிய சொந்தத்தைத் தேர்ந்தார்கள். இளைஞர்களிடம் அந்தச் சாய்வு இல்லை. ஆனால் சீக்கிரம் தனியே தொலைதூரம் போகப் போவதாகக் கற்பனை செய்யச் சொன்னதும் இளைஞர்களும் முதியவர்களைப் போலவே சொந்தத்தைத் தேர்ந்தார்கள். ஹெலன் ஃபங் என்பவரோடு சேர்ந்து 1999இல் வெளியான ஹாங்காங் ஆய்வு இதை அரசியலோடு இணைத்தது. ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்பட இரண்டே மாதம் இருந்தபோது இளைஞர்களின் விருப்பமும் முதியவர்களுடையதைப் போல மாறியிருந்தது. ஒப்படைப்பு முடிந்து ஓராண்டில் வயது வேறுபாடு திரும்பிவிட்டது. காலம் முடியப்போகிறது என்ற உணர்வு முதுமைக்கு மட்டும் உரியதல்ல. அரசாங்கங்களாலும் அதை உண்டாக்க முடியும்.

ஹாங்காங்கில் அந்த உணர்வு மாதக்கணக்கில் நீடித்தது. மலையகத்தில் அது ஒரு தலைமுறையின் இளமை முழுவதையும் மூடியது. பக்கத்துக் காம்பராக் குடும்பம் எந்த வருடம் போகும், அத்தை வீட்டார் எந்தக் கடவுச்சீட்டுக்கு எழுதிப் போட்டார்கள், நமக்கு எந்தப் பக்கம் என்ற கேள்விகளுக்கு நடுவில் அவர்கள் சிநேகம் பிடித்தார்கள், கல்யாணம் செய்தார்கள். மாமன் மகளையோ அத்தை மகனையோ கட்டும் வழக்கம் உள்ள ஒரு சமூகத்தில், மாமனும் அத்தையும் ஒரே கரையில் இருப்பார்களா என்பது அற்பக் கேள்வி அல்ல. இருபது வயதில் புதிய அறிமுகங்களைத் தேடி விரிய வேண்டிய மனம், பிரிவை எண்ணி இருக்கிறவர்களையே இறுகப் பற்றியிருக்கும் என்று ஊகிக்க இடமுண்டு. மலையக மக்களின் சொந்தபந்தப் பிடிப்பைப் பண்பாடு என்று மட்டும் விளக்குகிறவர்கள் இந்தக் காலநெருக்கடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடலுக்கு அப்பால் கூடப்பிறந்தவர்

மனித உறவுகளில் மிக நீண்டது சகோதர உறவுதான். பெற்றோர் நமக்கு முன்னே போய்விடுகிறார்கள். துணை நடுவில் வருகிறது. பிள்ளைகள் அதற்கும் பிறகு. கூடப்பிறந்தவர்கள் மட்டுமே நம் பால்யத்தின் சாட்சிகளாக முதுமைவரை வரக்கூடியவர்கள். ரொபர்ட் கானும் டோனி அன்டொனூச்சியும் 1980இல் முன்வைத்த கருத்தின்படி, ஒவ்வொருவரும் ஆதரவாளர் குழாம் ஒன்று சூழவே வாழ்க்கைப் பயணம் செய்கிறார். ஆட்கள் மாறினாலும் உள்வட்டம் பெரும்பாலும் நிலைத்திருக்கும். ஒப்பந்தம் கைவைத்தது அந்த உள்வட்டத்தில்தான்.

தனித்தனிக் குடும்பமாகிவிட்ட அண்ணனும் தங்கையும் தனித்தனியே விண்ணப்பித்தார்கள். முடிவுகளும் தனித்தனியே வந்தன. போகிறவர்களை ஹட்டனில் ஏற்றித் தலைமன்னாருக்குக் கொண்டுபோன ரயிலுக்கு மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். மு. சிவலிங்கத்தின் கதை ஒன்றும் அந்தப் பெயரைத் தாங்கியது. தலைமன்னாரிலிருந்து கப்பல், இராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம், பிறகு நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர், பந்தலூர். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டமே பின்னர் டான்டீ நிறுவனமானது. கடன் கொடுக்க 1969இல் ரெப்கோ வங்கி வந்தது. அண்ணன் கூடலூரில் கொழுந்து பறித்தார். தங்கை நோட்டன் பிரிட்ஜில் கொழுந்து பறித்தாள். தொழில் ஒன்று, செடி ஒன்று, நடுவில் கடல்.

போலின் பொஸ், வியட்நாம் போரில் காணாமற்போன சிப்பாய்களின் குடும்பங்களை ஆராய்ந்து, தெளிவற்ற இழப்பு என்ற கருத்தை வளர்த்தார். ஆள் இல்லை, ஆனால் இறக்கவுமில்லை. அதனால் துக்கம் முடிவதுமில்லை. சடங்கு இல்லாத, ஊர் ஒத்துக்கொள்ளாத இந்த இழப்புத்தான் மிகவும் வாட்டுவது என்றார். கப்பலேறிய அண்ணன் காணாமற்போனவர் அல்ல; முகவரி இருந்தது, கடிதம் வந்தது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கடிதம் வேறொருவர் வாயால்தான் வரும். பதிலும் வேறொருவர் கையால்தான் போகும். தோட்டத்துப் பள்ளிப் பிள்ளையை உட்காரவைத்து எழுதச் சொல்லும் கடிதத்தில் சுகநலம் இருக்கும், சாவுச் செய்தி இருக்கும். அண்ணனிடம் மட்டும் சொல்லக்கூடிய மனக்குறை இருக்காது. 1984இல் போர் காரணமாகக் கப்பல் நின்றபோது, போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணமும் ஏழைகளுக்கு அடைபட்டது. விமானக் கட்டணம் அவர்கள் கணக்கில் வராதது.

இறப்பு வந்தபோது இந்த இழப்பு இன்னொரு வடிவம் எடுத்தது. சாவு வீட்டில் பிறந்த வீட்டுக் கோடி யார் போடுவது, தாய்மாமன் சீர் யார் செய்வது என்று சடங்கு ஆளைக் கேட்கும். ஆள் கடலுக்கு அப்பால் இருக்க, ஒன்றுவிட்ட தம்பியோ ஒரே ஊர்க்காரரோ அந்த இடத்தில் நிற்பார். இப்படி நின்றவர்கள் காலப்போக்கில் உண்மையான உறவினர் ஆனார்கள். உள்வட்டத்தில் விழுந்த ஓட்டையைத் தோட்டம் இவ்வாறு அடைத்துக்கொண்டது.

ஒரே காம்பராவில் ஒரு தாம்பத்தியம்

நெடுநாள் தம்பதிகளைப் பற்றிய ஆய்வுகளில் பெரிதும் பேசப்படுவது, ரொபர்ட் லெவன்சன், கார்ஸ்டென்சன், ஜோன் கொட்மன் ஆகியோர் 1990களில் கலிபோர்னியாவில் செய்தது. நாற்பதுகளில் இருந்த தம்பதிகளையும் அறுபதுகளில் இருந்த தம்பதிகளையும் அவர்களுக்குள் பிணக்கான விஷயங்களைப் பேசவைத்துப் பார்த்தார்கள். முதிய தம்பதிகளிடம் கோபமும் வெறுப்பும் குறைவாகவும், பேச்சுக்கு நடுவே பாசம் கூடுதலாகவும் வெளிப்பட்டன. வயது தாம்பத்தியத்தைக் கனியவைக்கிறது என்பது சாரம்.

அந்தத் தம்பதிகளுக்குச் சண்டை போடவும் சமாதானமாகவும் கதவடைக்கக்கூடிய அறை இருந்தது. பழைய லயத்தில் ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று, முன்னால் இஸ்தோப்பு. வளர்ந்த பிள்ளைகளும் வயதான மாமியாரும் அதற்குள்ளேயே படுக்க வேண்டும். இந்த நெருக்கடி தாம்பத்தியத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைத் தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ சிறுகதை எந்த ஆய்வறிக்கையைவிடவும் கூர்மையாகச் சொல்லிவிட்டது. கணவன் மனைவி நெருக்கத்துக்கு அன்பு மட்டும் போதாது. நாலு சுவரும் வேண்டும்.

பணமும் இதில் ஒரு தரப்பு. கொழுந்து மலையில் நாள் முழுக்க நிற்பவள் பெண். பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே சம்பளம் என்றானது 1984இல்தான். அதற்குப் பிறகும் மனைவியின் சம்பளத்தைக் கணவனே போய் வாங்கும் பழக்கம் பல தோட்டங்களில் நீடித்தது. சாராயக் கடையும் பக்கத்தில் இருந்தது. ஆகவே இந்தத் தாம்பத்தியங்கள் தாமாகக் கனிந்தன என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். பல மனைவியர் பொறுத்துப் போனார்கள். கனிவும் பொறுத்துப்போவதும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்று போலத் தெரியும்.

இருந்தாலும் முதுமையில் ஒரு புரட்டல் நடக்கிறது. ஊழியர் சேமலாப நிதியைப் பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் எடுக்கலாம். பேர் விழுவது, அதாவது தோட்டத்தில் நாள்வேலை பதிவாவது, நின்றதும் ஆணுக்குக் காலையில் போக இடமில்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தோடு அவருடைய சிநேகிதங்களும் போய்விடுகின்றன. பெண்ணுக்கோ அடுப்பு இருக்கிறது, பேரப்பிள்ளை இருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் பேச ஆள் இருக்கிறது. வேலை ஓய்ந்த ஆணின் உலகம் மனைவி ஒருத்தியாகச் சுருங்கும்போது, அதுவரை அதட்டிய குரல் கேட்கும் குரலாக மாறுவதை எந்த லயத்திலும் காணலாம். இது கார்ஸ்டென்சன் சொன்ன தெரிவு அல்ல. வேறு வழியில்லாமல் வந்த நெருக்கம். ஆனால் நெருக்கம்தான்.

பிள்ளைகள் போன பிறகு

தோட்டத்தில் வீடு நெடுங்காலமாக வேலையோடு கட்டப்பட்டது. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்துப் பெயர்ப்பட்டியலில் இருந்தால்தான் காம்பராவில் உரிமையோடு இருக்கலாம் என்பது எழுதிய விதியாகவோ எழுதாத விதியாகவோ நிலவியது. இதன் விளைவு நுட்பமானது. மகன் கொழும்புக் கடைக்குப் போக வேண்டும், மகள் படித்து வேறு தொழில் பார்க்க வேண்டும் என்று பெற்றோர் மனதார விரும்புகிறார்கள். அதே வேளை யாராவது ஒரு பிள்ளை மலையில் நிற்காவிட்டால் தங்கள் கூரைக்கு என்ன உத்தரவாதம் என்ற பயமும் இருக்கிறது. குர்ட் லூஷரும் கார்ல் பில்லமரும் 1998இல், பெற்றோர் பிள்ளை உறவைப் பாசம் என்றோ பகை என்றோ வகைப்படுத்துவது தவறு, அதன் இயல்பே இருமனம்தான், அந்த இருமனத்தைச் சமூக அமைப்பே உண்டாக்குகிறது என்று வாதிட்டார்கள். தோட்ட வீட்டைவிட அதற்கு நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

மகள் வளைகுடா நாட்டில் வீட்டுவேலைக்குப் போனால் பேரப்பிள்ளையை வளர்ப்பது அம்மாயியோ அப்பாயியோதான். இதைக் குடும்பச் சிதைவு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் மலையகத்துக் குழந்தை எப்போதுமே பல கைகளில் வளர்ந்தது. பெரட்டுக்குப் போகும் தாய் கைக்குழந்தையைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுப் போனாள். மேரி ஐன்ஸ்வர்த் 1950களில் உகாண்டா கிராமங்களில் தாய் சேய் உறவை ஆராய்ந்தபோது, பலரால் கவனிக்கப்படும் குழந்தைகளும் உறுதியான பற்றுதலோடு வளர்வதைக் கண்டார். பல கைகளால் குழந்தைக்கு வரும் பாதகம் குறைவு. பாரம் விழுவது பாட்டியின் முதுகில். ஐம்பது ஆண்டு கூடை சுமந்த முதுகில் மறுபடி பிள்ளை ஏறுகிறது. மாறாகக் கிடைப்பது, இந்த வீட்டில் நான் இன்னும் வேண்டப்பட்டவள் என்ற நிச்சயம். எரிக் எரிக்சன் நடுவயதின் பணியாகச் சொன்ன அடுத்த தலைமுறையைப் பேணும் கடமை, இங்கே எழுபது வயதுவரை நீள்கிறது. பேரப்பிள்ளைகளும் வளர்ந்து போனபின் அவளுக்கு வருகிற வெறுமை, அதனால்தான் இரட்டிப்பாக இருக்கிறது.

கைப்பேசி இதை ஓரளவு மாற்றியிருக்கிறது. குவைத்திலிருக்கும் மகளின் முகம் திரையில் தெரிகிறது. கூடலூர் அண்ணன் மகனும் தெரிகிறான். இனிப் பதில் எழுதப் பள்ளிப் பிள்ளை வேண்டாம். ஆனால் காய்ச்சலில் கிடப்பவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கத் திரையால் முடியாது.

சுவருக்கு அந்தப் பக்கம்

ரொபர்ட் வைஸ் 1973இல் தனிமையை இரண்டாகப் பிரித்தார். மனசுக்கு மிக நெருங்கிய ஒருவர் இல்லாததால் வரும் தனிமை ஒன்று. சுற்றி ஆட்கள் இல்லாததால் வரும் தனிமை இன்னொன்று. ஒன்றின் மருந்து மற்றதற்கு உதவாது என்றார். இந்தத் தலைமுறையின் நிலையை இந்தப் பிரிவு தெளிவாக்குகிறது. ஒப்பந்தம் இவர்களுக்கு முதல் வகைத் தனிமையைக் கொடுத்தது. இரண்டாவது வகை வராமல் தடுத்தது லயம். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கும். விடிந்தும் அடுப்புப் புகை வராவிட்டால் ஆள் வந்து கதவைத் தட்டும். சொந்தமில்லாதவரும் சித்தப்பா, மாமா, அக்கா என்றே அழைக்கப்பட்டு அந்த முறைக்குரிய கடமையையும் சுமப்பார். மரண உதவிச் சங்கம் சாவுச் செலவைப் பகிர்ந்துகொள்ளும்.

ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 2010இல் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் அதிகமானோரின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, வலுவான சமூக உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆகவே அயல் என்பது மருத்துவமனையைப் போலவே உயிரைத் தாங்கும் ஏற்பாடு.

இதற்காக லயத்தைப் புகழ வேண்டியதில்லை. அது கூலிகளைக் காவலில் வைக்கக் கட்டப்பட்டது. ஒட்டி நிற்கும் காம்பராக்களுக்குள்ளும் சாதி எப்படித் தொடர்ந்தது என்பதை ஆர். ஜெயராமனும் ஒட்வார் ஹொலப்பும் பதிவு செய்திருக்கிறார்கள். அடிபடும் மனைவியின் அழுகையைக் கேட்டும் கேளாததுபோல் இருந்ததும் இதே சுவர்தான். லயம் போக வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. அது போகும்போது எது கூடவே போய்விடுகிறது என்பதுதான் கேள்வி.

2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்பது மலையகத்தின் நெடுநாள் கோரிக்கை, நியாயமான கோரிக்கை. மண்சரிவு அபாயமுள்ள லயங்களிலிருந்து இடம்பெயர்வோருக்கு அது உயிர்ப் பிரச்சினையும்கூட. ஆனால் பயனாளிகள் ஒவ்வொரு குடும்பமாகத் தெரிவாகும்போது, நாற்பது ஆண்டு அயலாக இருந்த இரண்டு விதவைகளில் ஒருத்தி புதுவீட்டுக்கும் மற்றவள் பழைய காம்பராவுக்குமாகப் பிரியலாம். வேலைக்குப் போகும் மகனும் மருமகளும் காலையில் கதவைச் சாத்திவிட்டுப் போன தனிவீட்டில், முதல் வகைத் தனிமையை வாழ்நாளெல்லாம் சுமந்தவளுக்கு இரண்டாவது வகையும் வந்து சேரும்.

சட்டம் யாரை உறவென்று எண்ணுகிறது

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தங்களைப் பராமரிக்க முடியாத பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் கடமையைப் பிள்ளைகள் மேல் வைக்கிறது. பராமரிப்பு கேட்டு முறையிடச் சபை ஒன்றையும் அமைத்திருக்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 60 வயதைத் தாண்டியோர் மக்கள்தொகையில் 12.4 சதவீதம் இருந்த நாட்டுக்கு அப்படியொரு சட்டம் தேவைதான். ஆனால் கொழும்பில் நாள் சம்பளத்துக்கு நிற்கும் மகன் மேல் தாய் முறையிடப் போவதில்லை. முறையிட்டாலும் அவனிடம் கொடுக்க அதிகம் இல்லை. உண்மையில் அவளைக் கவனித்துக்கொள்ளும் பக்கத்துக் காம்பராக்காரி சட்டத்தின் கணக்கில் யாருமில்லை.

மேலே பார்த்தவற்றிலிருந்து மூன்று காரியங்கள் நடைமுறைக்கு எட்டியவை. ஒன்று, வீடமைப்பில் குடும்பத்தோடு அயலையும் அலகாகக் கொள்வது: முதியவர் யாருக்குப் பக்கத்தில் இருக்க விரும்புகிறார் என்று காணி பிரிக்கும்போதே கேட்பது. இரண்டு, பகலில் தனித்திருக்கும் முதியவர்களுக்குப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தை ஒட்டியே ஓர் இடம் ஒதுக்குவது. பேரப்பிள்ளையைப் பார்த்துப் பழகிய கைகளுக்கு அங்கே வேலையும் மதிப்பும் உண்டு. மூன்று, கடல் கடந்த சந்திப்பு. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. தடைப்பட்டு, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. கடவுச்சீட்டு, விசா, கட்டணம், துணைக்கு ஓர் ஆள் என்ற நான்கையும் நோட்டன் பிரிட்ஜ் மூதாட்டியால் தனியே திரட்ட முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இரண்டு அரசுகளும் சேர்ந்து, பிரிந்த சகோதரர்களுக்கு ஒருமுறைப் பயணச் சலுகை கொடுப்பது பெருஞ்செலவல்ல.

கார்ஸ்டென்சனின் கோட்பாடு இந்த மலைகளில் பொய்யாகவில்லை. காலம் குறையும்போது மனம் நெருங்கியவர்களைத் தேடும் என்பது இங்கும் உண்மை. தேடியவரை எட்ட முடிவது சட்டத்தையும் வீட்டையும் கூலியையும் பொறுத்தது என்பதை மட்டும் அதனோடு சேர்க்க வேண்டும். 1949ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்கு மிச்சமிருக்கும் காலம் குறைவு என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஐந்தாண்டு, பத்தாண்டு என்று திட்டம் வகுக்கும் அலுவலகங்கள்தான் அதை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.